கேஸ் கட்டும் தேடுபெட்டியும்

1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில் தீர்ப்பளித்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடலாமா? சிறைத்துறை கூடாது என்றது. நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சுகாஸ் சென்னும் வெளியிடுவதை முன்கூட்டித் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றார்கள். கூடவே, என்னைத் தனியாக விடு என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்றும் சொன்னார்கள்.

அதிலேயே ஒரு விலக்கு. நீதிமன்ற ஆவணத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு அந்த உரிமை கிடையாது. பாலியல் குற்றங்களுக்கு ஆளான பெண்களின் பெயர் போன்றவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு.

அந்த விலக்கு காகிதக் காலத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்போ ஜீயபுரத்துல மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கணும்னா டீக்கடையில கேப்பாங்க. பழைய வழக்கு பற்றித் தெரியவேண்டுமென்றால் திருச்சி கோர்ட்டுக்குப் போய், வழக்கு எண் தெரிந்து, நகல் மனு போட வேண்டும். கேஸ் கட்டு எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் தேடிப்போக ஆளில்லை. அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பு. சிதறிக்கிடக்கும் ஆவணங்களும் கணினி ஒரே இடத்தில் தொகுத்த ஆவணமும் ஒன்றல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

2008-ல் ஒரு மென்பொருள் பொறியாளர் ‘இந்தியன் கானூன்’ தளத்தைத் தொடங்கினார். வக்கீல் வைக்க வழியில்லாதவரும் தீர்ப்பைப் படிக்க முடிந்தது பெரிய விஷயம். ஆனால் எங்கள் தொழிலில் ‘இன்டெக்ஸ்’ என்போமே, அது பெயரைத்தான் பிடிக்கும். அந்தப் பெயருக்குரியவர் விடுதலையானதை அது பார்க்காது.

மதுரைக் கிளையில் 2014-ல் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அனுதாபம் காட்டினாலும், சட்டம் வரும்வரை முடியாது என்று தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

இடையில் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அழிக்கக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் சட்டப்படி பொதுவெளியில் வைக்கவேண்டிய தகவலுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. 1994-ன் விலக்கு வேறு சட்டை போட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜீயபுரத்துக்குத் தெற்கே, திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2012-ம் வருடச் சட்டத்தால் உருவானது. தரவையும் சட்டத்தையும் சேர்த்து முதுகலையில் படித்தால் என்ன வேலை கிடைக்கும்னு தம்பி தங்கைகள் கேக்குறாங்க. வேலை இருக்கட்டும், முதல்ல இந்த ஒரு வழக்கை எடுத்துப் படிங்க. தீர்ப்பை மூடினால் நீதிமன்றத்தை யார் கண்காணிப்பது? பெயரை மட்டும் மறைத்தால் ஏற்கெனவே பரவிய பிரதிகளை என்ன செய்வது?

என் கட்சி இது: தீர்ப்பு முழுசா திறந்திருக்கட்டும். நீதிபதி பெயரும் அரசுத் தரப்பின் தவறும் தெரியட்டும். விடுதலையானவர் பெயரை மட்டும் தீர்ப்பு பதிவேறும் முன்பே எழுத்தாகச் சுருக்கிவிடலாம். நிரலில் அது சின்ன வேலை. யார் கேட்டால், எந்த வழக்கில், யார் முடிவு செய்வது என்பதை எழுதுவதுதான் பெரிய வேலை. அதற்குச் சட்டமும் தெரிய வேண்டும், தேடுபெட்டி வேலை செய்யும் விதமும் தெரிய வேண்டும்.