தானே அழைத்த குழந்தை

குழந்தைகளின் மனத்துயரைக் கேட்பதற்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் நீதிமன்ற வளாகத்தில் பிறந்தது. 1899-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிறுவர்களுக்கான தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. திருட்டு, ஊர்சுற்றல், பள்ளிக்கு மட்டம் போடுதல் என்று பிடிபட்ட பிள்ளைகளில் சிலர் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றார்கள். காரணத்தைக் கண்டறிய 1909-இல் எத்தல் டம்மர் என்ற செல்வந்தப் பெண்மணி பணம் கொடுத்தார். வில்லியம் ஹீலி என்ற மருத்துவர் நீதிமன்றத்தை ஒட்டி ஒரு நிலையத்தைத் தொடங்கினார். பிள்ளையின் உடல்நிலை, அறிவுத்திறன், குடும்ப நிலை எல்லாவற்றையும் சோதித்த ஹீலி, கூடவே இன்னொன்றையும் செய்தார். நடந்ததைப் பிள்ளை தன் வாயால் எப்படிச் சொல்கிறது என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். அதுவரை குற்றவாளிச் சிறுவனின் கதையைக் காவலரும் தந்தையும் ஆசிரியரும்தான் சொல்லிவந்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது: கேட்டு எழுதிய அறிக்கை நீதிபதியின் மேசைக்குத்தான் போனது. குழந்தைகளுக்கான ஆலோசனையின் அடுத்த நூறு ஆண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள, யார் எந்தக் கோட்பாட்டைச் சொன்னார்கள் என்பதைவிட, பிள்ளையை அங்கே கூட்டி வந்தது யார், அது சொன்னது யாரிடம் போனது என்ற இரண்டு கேள்விகளே அதிகம் உதவும் என்று கருதுகிறேன்.

சிகாகோவின் முறை விரைவில் மருத்துவ நிலையமாக உருப்பெற்றது. 1920-களில் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் பணத்தில் குழந்தை வழிகாட்டு நிலையங்கள் பெருகின. அதே பணம் கடல் கடந்து 1929-இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியிலும் ஒன்றைத் திறக்க உதவியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என மூவர் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு அது. மருத்துவர் பிள்ளையோடு இருக்க, அடுத்த அறையில் சமூகப் பணியாளர் தாயிடம் பேசுவார். 1930-களின் பின்பாதியில் அங்கே வேலை பார்த்த ஜான் போல்பி, திருடியதற்காகக் கொண்டுவரப்பட்ட 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி எழுதிய ஆய்வை 1944-இல் வெளியிட்டார். அவர்களில் 14 பேர் யாரிடமும் ஒட்டாத, பாசமற்ற பிள்ளைகளாக அவருக்குத் தெரிந்தார்கள். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் தாயைவிட்டு நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். ஆய்வு முறையில் குறை உண்டு. மதிப்பிட்டவரும் அவரே, முடிவு சொன்னவரும் அவரே. பழியைத் தாயின் தலையில் சுமத்த இது பின்னாளில் பயன்பட்டதும் உண்மை. இருந்தாலும், திருட்டு என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட பிள்ளைக்குள் துக்கம் இருந்ததை அந்த நிலையம் கண்டது பெரிய விஷயம். ஆனால் அதே துக்கத்தோடு எதையும் திருடாமல், யாரையும் அடிக்காமல், வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை அந்த நிலையத்தின் படியேறுவது அரிது. படுக்கையில் சிறுநீர் கழிப்பவரும் திக்குவாய்ப் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள் என்பார்கள். அந்தக் குறைகளும் பெரியவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியவைதான். பெரியவர்களைத் தொந்தரவு செய்த துயரம் மட்டுமே சிகிச்சைக்கு வந்தது.

இந்தியாவிலும் இதே வரிசைதான். முதலில் சட்டம், பிறகு ஆலோசனை. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியதில் இந்த நாட்டில் முந்திக்கொண்டது சென்னை மாகாணம். 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. வங்காளமும் பம்பாயும் பின்னால் வந்தன. இளம் குற்றவாளியைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்ததில் அந்தச் சட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பம்பாயில் 1936-இல் தொடங்கிய சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பள்ளி, அடுத்த ஆண்டே குழந்தை வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தது. அங்கும் பிள்ளையை யாராவது கைபிடித்து அழைத்து வர வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நம் ஊர்களில் பிள்ளையின் மனக்குறையைக் கேட்கப் பாட்டியும் அத்தையும் சித்தப்பாவும் இருந்தார்களே, கூட்டுக் குடும்பம் உடைந்ததால்தானே இதெல்லாம் தேவைப்படுகிறது என்பார்கள். மடியில் படுக்கவைத்துத் தலையைக் கோதிக் கேட்ட பாட்டிகளை நான் மறுக்கவில்லை. அவர்கள் ஆற்றியது பெரிய காரியம். ஆனால் வீட்டுக்குள் சொல்ல முடியாதவை எல்லாக் காலத்திலும் இருந்தன. துன்புறுத்துபவர் வீட்டிலேயே ஒருவராக இருக்கும்போது அந்த வீட்டின் பெரியவர்களிடம் பிள்ளை எப்படிப் பேசும்? கொடுமை எதுவும் இல்லாத வீட்டிலும் வெட்கம் வாயைக் கட்டிவிடும். 1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச் சடங்கு, தற்கொலை செய்துகொண்ட ஒரு பதின்வயதுப் பெண்ணுடையது. பூப்படைந்ததைத் தீராத பாலியல் நோய் என்று நினைத்து, கேட்க ஆளில்லாமல் அவள் இறந்துபோனாள். வீட்டிலும் பள்ளியிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள்; அவளால் கேட்க முடிந்தவர் என்று எவரும் இல்லை. அந்த மரணத்தை மறக்காத வாரா, 1953-இல் லண்டனில் தம் தேவாலயத்தின் தொலைபேசி எண்ணை விளம்பரப்படுத்தி, சாவை நினைப்பவர்கள் யாரும் அழைக்கலாம் என்றார். தம்மைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தன்னார்வலர்களை உட்காரவைத்திருந்தார். வந்தவர்களில் பலர் அவர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார்கள். அதைக் கவனித்தவர், சில மாதங்களிலேயே கேட்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு இப்படித்தான் உருவானது.

குழந்தைகளுக்கென்றே தொலைபேசி எண் வந்தபோது வரலாறு திசை மாறியது. பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சியின் எஸ்தர் ரான்ட்சன், 1986 அக்டோபர் 30 அன்று குழந்தைக் கொடுமை பற்றிய நிகழ்ச்சியோடு சைல்ட்லைன் சேவையைத் தொடங்கிவைத்தார். அழைப்புக்குக் காசு இல்லை. முதல் இரவே ஏறக்குறைய 50,000 அழைப்பு முயற்சிகள். பெரும்பாலானவற்றுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அந்த எண்ணிக்கை சொல்வது ஒன்று உண்டு. அரை நூற்றாண்டாக வழிகாட்டு நிலையங்கள் இயங்கிவந்த நாடு அது. சமூகப் பணித் துறையும் குடும்ப மருத்துவர்களும் அங்கே இருந்தார்கள். அத்தனை வாசல்களிலும் நுழையாத துயரம் ஒரே இரவில் தொலைபேசிக் கம்பி வழியே வந்தது. பெயர் சொல்ல வேண்டாம், அம்மாவுக்குத் தெரியாது, பயமாக இருந்தால் வைத்துவிடலாம். பேச்சைத் தொடங்குவதும் முடிப்பதும் பிள்ளையின் கையில் இருந்தது.

பம்பாயில் சமூகப் பணிப் பள்ளியாகத் தொடங்கிய அதே டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலிருந்து, 1996-இல் ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் இந்தியாவின் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தொடங்கியது. தெருவில் வாழும் பிள்ளைகளோடு பழகிப் பிறந்த சேவை அது. பத்து, ஒன்பது, எட்டு என்று விரல் மடக்கிச் சொல்லக்கூடிய எண்ணாக அமைந்ததால், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனத்தில் நின்றது. எடுத்தவுடன் பேச்சே இல்லாத அழைப்புகள் இப்படிப்பட்ட எண்களுக்கு ஏராளமாக வரும். விளையாட்டு அழைப்புகளும் வரும். இதற்கா செலவு என்று கணக்குப் பார்ப்பவர்கள், மறுமுனையில் இருப்பது மனிதர்தானா, திட்டுவாரா, நம்பலாமா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கும் விதம் அது என்பதை நினைக்க வேண்டும். ஆறாவது அழைப்பில் பேசப்போகிற பிள்ளைக்கு முதல் ஐந்து அழைப்புகளும் தேவைப்படலாம்.

பிள்ளைக்கு எது நல்லது என்று பிள்ளைக்கே தெரியுமா, பெற்றோருக்குத் தெரியாமல் அதனிடம் பேச யாருக்கு உரிமை என்பது வலுவான எதிர்வாதம். ரகசியம் எல்லையற்றதாக இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் சைல்ட்லைனும் ரகசியத்தை மீறும். நம் நாட்டில் 2012-இன் போக்சோ சட்டப்படி குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் ஆபத்து நேரத்துக்கான விதிவிலக்கையே பொது விதியாக்கினால், விஷயம் ஆபத்தாக முற்றும்வரை பிள்ளை வாயே திறக்காது. வெறும் பேச்சு எதை மாற்றும் என்ற இன்னொரு கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. வாரா காட்டிய வழியில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். தேர்வு முடிவு நாட்களில் அழைத்த மாணவர்களின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு, தோற்றவர்கள் ஓராண்டு காத்திராமல் அதே ஆண்டில் மறுபடி எழுத வாய்ப்பு வேண்டும் என்று அந்த மையம் வலியுறுத்தியது. உடனடித் துணைத் தேர்வு வந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று ஆண்டுதோறும் பட்டியலிட்ட வழக்கத்தை 2017-இல் அரசே கைவிட்டது.

இப்போது அரசு இந்தத் துறையில் முன்னெப்போதையும்விடத் தீவிரமாக இறங்கியிருக்கிறது. அதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். 2022 அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண் நாடு முழுவதற்கும் வந்தது. 1098-ஐத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து 2023-இல் அரசு எடுத்துக்கொண்டு, அவசர உதவிக்கான 112-உடன் இணைத்தது. ஓடிப்போன பிள்ளையை மீட்கவும் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவும் அந்த இணைப்பு வேகம் தரும். ஆனால் எதையும் புகார் செய்ய விரும்பாமல், யாரிடமாவது சொன்னால் போதும் என்று அழைக்கும் பிள்ளை, எதிர்முனையில் காவல் நிலையத்தின் வாடையை உணர்ந்தால் வைத்துவிடும். பள்ளிக்கூட ஆலோசகர்களுக்கும் இதே சோதனை உண்டு. எத்தனை பள்ளிகளில் நியமனம் நடந்தது என்று மட்டும் எண்ணினால் போதாது. வகுப்பாசிரியரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மாணவி அந்த அறைக்குப் போக முடியுமா, அங்கே அவள் சொன்னது மாலைக்குள் தலைமையாசிரியரின் மேசைக்குப் போய்விடுமா என்பதையும் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும்.