பக்கவாத மறுவாழ்வில் இசைச் சிகிச்சை

பக்கவாதத்தால் பேச்சு, நடை, நினைவாற்றல் ஆகியவை பாதிக்கப்பட்டவர்களுக்கு மெட்டையும் தாளத்தையும் கருவியாகக் கொண்டு அளிக்கப்படும் மறுவாழ்வுப் பயிற்சிகள் இசைச் சிகிச்சையில் அடங்கும். மருந்துக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் துணையாகவே இவை அளிக்கப்படுகின்றன.

பேச்சு

பெரும்பாலானோருக்குப் பேச்சை இயக்கும் பகுதிகள் மூளையின் இடப்பாதியில் உள்ளன. அங்கு இரத்த ஓட்டம் தடைபட்டால், பிறர் சொல்வது ஓரளவு புரிந்தும் சொற்களைக் கோத்துப் பேச இயலாத நிலை ஏற்படலாம். இத்தகையோரில் சிலர் பழகிய பாடலைச் சொல் பிசகாமல் பாடுவதுண்டு. சுவீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பதிவு செய்தார்.

இந்த இயல்பைக் கொண்டு மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர் பாஸ்டனில் வகுத்த மெட்டுவழிப் பேச்சுப் பயிற்சி 1973-இல் வெளியானது. ‘தண்ணி வேணும்’ போன்ற அன்றாடத் தொடரை ஏற்ற இறக்கமான இரண்டு சுரங்களில் இழுத்துப் பாடி, அசைக்கு ஒருமுறை இடக்கையால் தட்ட வேண்டும். பயிற்றுநர் முதலில் உடன் பாடுவார்; பின்னர் படிப்படியாக விலகிக்கொள்வார். மெட்டு மெல்லக் கரைந்து, தொடர் இயல்பான பேச்சாவதே இலக்கு.

மூளையின் வலப்பாதி பேச்சுக்குக் கைகொடுக்கிறது என்பது தொடக்ககால விளக்கம். மெட்டைவிடத் தாளமும் மனப்பாடமான சொற்களுமே உதவுகின்றன என்று 2011-இல் பெஞ்சமின் ஸ்டால் குழுவினரின் ஆய்வு வாதிட்டது.

நடை

அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாட் குழுவினர் 1990-களில் தாளவழி நடைப் பயிற்சியை வளர்த்தெடுத்தனர். நோயாளியின் இயல்பான நடைவேகத்துக்கு ஏற்பத் தாள ஒலி அமைக்கப்படும். அடிகள் அதனோடு இசைந்தபின் வேகம் கூட்டப்படும். காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட மூளைப் பாதிப்புகளுக்கான இசைச் சிகிச்சை மறுஆய்வு, 775 பேர் பங்கேற்ற 29 சோதனைகளைத் தொகுத்தது. நடைவேகமும் அடியின் நீளமும் மேம்பட இம்முறை உதவக்கூடும் என்று அது முடிவு கூறியது.

நினைவும் மனநிலையும்

ஃபின்லாந்தில் தெப்போ சார்காமோ குழுவினர் 60 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. இரண்டு மாதங்கள் நாள்தோறும் விருப்பமான இசையைக் கேட்டவர்களுக்கு, ஒலிநூல் கேட்டவர்களைவிடச் சொல் நினைவாற்றலும் கவனமும் கூடுதலாக மீண்டன. எதுவும் கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

வரம்புகள்

பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதே கடினமானவர்களுக்கு மெட்டுவழிப் பயிற்சி பொதுவாகப் பொருந்துவதில்லை. விருப்பப் பாடலை வீட்டிலேயே கேட்கலாம். பேச்சு, நடைப் பயிற்சிகளைத் தேர்ந்த வல்லுநரின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும். பக்கவாதம் தாக்கியவுடன் அளிக்கவேண்டிய அவசரச் சிகிச்சைக்கு இசை மாற்றாகாது.