சோனியா

சோனியா: சோஃபியா என்னும் பெயரின் ரஷ்யச் செல்ல வடிவம், பெண்பால் பெயர். ரஷ்ய உச்சரிப்பு ‘சோன்யா’ என ஈரசையாக ஒலிக்கும். தமிழில் மூன்றசையாக நிலைத்துவிட்டது.

மூலம்: ‘சோஃபியா’ கிரேக்கத்தில் அறிவு, ஞானம் எனப் பொருள்படும். 988-இல் கீவ் அரசர் விளாதிமிர் பைசாந்தியக் கிறித்தவத்தை ஏற்றபின், அச்சமயத்தின் வழியே பல கிரேக்கப் பெயர்கள் ரஷ்ய மொழிக்குள் வந்தன. இதுவும் அவற்றுள் ஒன்று.

வழக்கு: மீனாட்சியை வீட்டில் மீனு என்று அழைப்பதுபோல், சோஃபியாவை வீட்டாரும் நண்பர்களும் சோன்யா என்பர். கொஞ்சல் மிகுந்தால் சோனெச்கா, சோனியுஷ்கா என நீளும். மரியாதைக்குரிய இடங்களில் முழுப்பெயரோடு தந்தைவழிப் பெயரும் சேரும். தஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலில் வீட்டார் சோன்யா என்றழைக்கும் ஏழைப் பெண்ணை, கதைநாயகன் ரஸ்கோல்னிகவ் ‘சோஃபியா செம்யோனவ்னா’ என்று விளிக்கிறான். ஊரார் இழிவாகப் பார்த்த ஒருத்திக்கு அந்த விளியே மதிப்பைத் தருகிறது. எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் இந்நாவல் தமிழில் கிடைக்கிறது. கணித மேதை சோஃபியா கவலெவ்ஸ்கயாவும் (1850–1891) சோன்யா என்றே நெருங்கியவர்களால் அழைக்கப்பட்டார்.

தமிழகத்தில்: இத்தாலியில் பிறந்த சோனியா காந்தியால் (பி. 1946) இந்தியா முழுவதும் அறிமுகமான இப்பெயர், தமிழகத்தில் செல்லப்பெயராக அன்றி, பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறும் முழுப்பெயராகவே வழங்குகிறது.