யூரோவிஷனில் அன்று முதலிடம், பிறகு 15-வது இடம்: வயலின் பாடகர் ரிபாக்கின் கதை தெரியுமா?

ஒரே பாடகர், கையில் அதே வயலின். 2009-ல் ஐரோப்பாவே கொண்டாடிய வெற்றி. 9 வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் 15-வது இடம். நார்வேயின் அலெக்ஸாண்டர் ரிபாக்குக்கு என்னதான் நடந்தது? அவருடைய 387 புள்ளி சாதனை இன்னும் சாதனைதானா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ரிபாக்?

1986 மே 13-ல் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் பிறந்தவர். அப்பா வயலின் கலைஞர், அம்மா பியானோ கலைஞர். சின்ன வயசிலேயே குடும்பம் நார்வேக்குக் குடியேறியது. 5 வயதில் வயலினும் பியானோவும் கற்கத் தொடங்கி, பின்னர் ஓஸ்லோவில் உள்ள பராட் டியூ இசைக் கல்லூரியில் படித்தார். 2006-ல் 'ஷெம்பேஷான்சன்' என்ற நார்வே டிவி திறமைப் போட்டியில், தானே எழுதிய பாட்டைப் பாடி ஜெயித்தார்.

யூரோவிஷன் என்றால் என்ன?

ஐரோப்பிய நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் 1956 முதல் நடத்தும் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு பாட்டு, அதிகபட்சம் 3 நிமிடம். ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த 10 பாட்டுகளுக்குப் புள்ளி தரும். முதல் இரண்டு பாட்டுக்கு 12, 10. மீதி எட்டுக்கு 8 முதல் 1 வரை. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது.

இன்னொரு விஷயம். பாடுவது நேரலையில் இருக்கணும். ஆனால் வாத்திய இசை முன்பே பதிவு செய்யப்பட்டதுதான். அதாவது மேடையில் வயலின் வாசிப்பது கண்ணுக்கான காட்சி. காதில் விழுவது பதிவு செய்த இசை!

2009-ல் என்ன நடந்தது?

நார்வேயின் தேர்வுப் போட்டியிலேயே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளை அள்ளினார் ரிபாக். மே 16-ல் மாஸ்கோவில் இறுதிச்சுற்று. அப்போது அவருக்கு 23 வயது முடிந்து 3 நாள்தான். அவரே எழுதி இசையமைத்த 'ஃபேரிடேல்' நார்வே நாட்டுப்புற இசைச் சாயல் கொண்ட பாட்டு. கூடவே ஃப்ரிகார் குழுவின் நாட்டுப்புற நடனம்.

கிடைத்தது 387 புள்ளி. இரண்டாவதாக வந்த ஐஸ்லாந்துக்கு 218. வித்தியாசம் மட்டும் 169! மற்ற 41 நாடுகளும் அவருக்குப் புள்ளி கொடுத்தன. அதில் 16 நாடுகள் முழுசாக 12 கொடுத்தன. ரசிகர்கள் ஓட்டு, நடுவர்கள் ஓட்டு இரண்டிலுமே அவர்தான் முதலிடம். அதுவரை சாதனையாக இருந்தது 2006-ல் ஃபின்லாந்தின் லார்டி குழு எடுத்த 292.

நார்வேக்கு இது ஏன் பெரிய விஷயம்?

யூரோவிஷனில் 4 முறை பூஜ்ஜியம் வாங்கிய நாடு அது. அதற்கு முன் ஜெயித்தது 1985, 1995 என இரண்டே தடவை. 1995-ல் ஜெயித்த 'சீக்ரெட் கார்டன்' பாட்டிலும் வயலின்தான் பிரதானம்.

387 சாதனையை முறியடித்துவிட்டார்களா?

எண்ணிக்கையில் ஆமாம். 2017-ல் போர்ச்சுகலின் சல்வடோர் சோப்ரால் 758 எடுத்தார். ஆனால் 2016-ல் விதியே மாறிவிட்டது. அதற்கு முன் ரசிகர்கள், நடுவர்கள் ஓட்டைச் சேர்த்து ஒரே புள்ளிப் பட்டியல். இப்போது தனித்தனியாக இரண்டு பட்டியல். அதனால் ஒரு நாட்டிடம் இருந்து 24 வரை கிடைக்கும்.

இரண்டு வருஷமும் பங்கேற்றவை 42 நாடுகள் என்பதால் கணக்கு சுலபம். ரிபாக் எடுக்க முடிந்த அதிகபட்சம் 492. அதில் 387 என்றால் சுமார் 78.7%. சோப்ராலுக்கு அதிகபட்சம் 984. அதில் 758 என்றால் சுமார் 77%. சதவீதத்தில் பார்த்தால் ரிபாக்தான் முன்னால்!

2018-ல் ஏன் சறுக்கினார்?

லிஸ்பனில் அவர் பாடியது 'தட்ஸ் ஹவ் யூ ரைட் எ சாங்'. 'பாட்டு எழுதுவது இப்படித்தான்' என்று அர்த்தம். இரண்டாவது அரையிறுதியில் 266 புள்ளியுடன் முதலிடமே பிடித்தார். ஆனால் இறுதிச்சுற்றில் 144 புள்ளி, 26 நாடுகளில் 15-வது இடம்.

காரணத்தின் ஒரு பகுதி அந்த விதியிலேயே இருக்கிறது. ஒரு நாட்டின் டாப் 10-ல் வந்தால்தான் புள்ளி. எல்லா நாட்டிலும் 11-வதாக வந்தால் கிடைப்பது பூஜ்ஜியம்தான். அரையிறுதியில் 18 பாட்டுகள்தான், அதில் 10-க்குள் வருவது எளிது. இறுதியில் 26 பாட்டு மோதும்போது, 'பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு' என்ற அளவு போதாது. யாருக்காவது ரொம்பப் பிடிக்கணும்.

பழைய வெற்றிக்குப் போனஸ் புள்ளி எதுவும் கிடையாது. ஜெயித்த பிறகு திரும்பி வந்து மறுபடியும் ஜெயித்த பாடகர்கள் இரண்டு பேர்தான்: அயர்லாந்தின் ஜானி லோகன் (1980, 1987), ஸ்வீடனின் லோரீன் (2012, 2023).