அழித்தெழுதும் வழக்கம்

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் எழுதினான். அவனுக்குப் பின் வந்தவன் சிலேட்டில் எழுதினான். இருவருக்கும் அழிப்பது என்பது உள்ளங்கையின் ஒரு வீச்சுக்கு மேற்பட்ட காரியமாக இருந்ததில்லை. ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறியவருக்கோ அந்தச் சலுகை கிடையாது. கீறிய இடத்தில் மறுபடியும் கீற இயலாதாகையால், பழுதுபட்ட சுவடியை அருகில் வைத்துக்கொண்டு, நிற்க வேண்டியவற்றை மட்டும் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிவிட்டு, பழையதை ஆற்றுப் பெருக்கிலோ அக்கினியிலோ சேர்த்துவிடுவதே அக்காலத்துச் சம்பிரதாயம். கணிப்பொறிக்குள் காந்தத் தகடாய்ச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைச் சிலேட்டின் வம்சத்தில் சேர்க்கலாமென்றால், அதன் ஸ்தானத்தை இன்று கைப்பற்றியிருக்கும் எஸ்எஸ்டி ஓலையின் வம்சத்தைச் சேர்ந்தது. இந்த வம்ச மாற்றத்தினால், ‘ஓஎஸ் போடுவது’ என்று கடைத்தெருவில் சாதாரணமாகச் சொல்லப்படும் இயங்குதள நிறுவுதலின் உட்பொருள் எவ்வாறு மாறிற்று என்பதைச் சற்றே நிதானமாக ஆராய்வது சுவாரஸ்யமான விஷயம்.

ஆதியில் யந்திரத்துக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் இயங்குதளம் என்ற ஒன்றே பல கணிப்பொறிகளுக்கு இல்லை. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தார் 1965-இல் வெளியிட்ட பிடிபி-8 என்னும் கணிப்பொறியை எடுத்துக்கொண்டால், அதன் முகப்பில் வரிசையாக அமைந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, ஏறத்தாழப் பதினைந்து கட்டளைகள் கொண்ட சிறு நிரலொன்றை இயக்குபவர் தம் விரலாலேயே ஞாபகப் பகுதியில் புகுத்த வேண்டியிருந்தது. துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் ஞானத்தை மட்டும் அச்சிறு நிரல் யந்திரத்துக்கு அளிக்கும். மற்ற ஞானமெல்லாம் நாடாவின் வழியே பின்னர் வந்து சேரும். தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் இந்த விந்தையிலிருந்துதான் ‘பூட்’ ஆவது என்ற பிரயோகமும் பிறந்தது. 1975-இல் ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்குத் தாமும் பில் கேட்ஸும் எழுதிய பேசிக் மொழியை எடுத்துக்கொண்டு அல்புகர்க்கி நகருக்கு விமானமேறிய பால் ஆலன், அதை உள்ளே ஏற்றுவதற்கான அந்தச் சிறு நிரலை எழுத மறந்துவிட்டதை ஆகாய மார்க்கத்தில்தான் உணர்ந்து, விமானம் தரையிறங்குவதற்குள் கையாலேயே எழுதி முடித்தார் என்பது பிரசித்தமான சரித்திரம்.

யந்திரத்துக்குள் ஞானத்தைச் சுமந்து செல்வதற்கென்றே பிறந்த வாகனம் ஃபிளாப்பி. ஐபிஎம் நிறுவனத்தார் 1971-இல் அந்த எட்டு அங்குலத் தகட்டை வெளியிட்டது, தங்களது பெரிய கணிப்பொறிகளுக்குள் நுண்கட்டளைகளை ஏற்றுவதற்காகவே. மக்கள் அதில் தங்கள் சொந்தச் சரக்கைச் சேமித்துக்கொண்டதெல்லாம் பின்னால் வந்த பழக்கம். 1983-இல் அதே நிறுவனத்தின் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வெளிவந்தபோதுதான், இயங்குதளத்தை ஒரு முறை உள்ளே நிறுவிவிட்டு நாடோறும் அங்கிருந்தே எழுப்பும் வழக்கம் சாமானியர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. முதலில் எஃப்டிஸ்க் என்னும் கட்டளையால் நிலத்தைப் பங்கு பிரித்து, பின்பு ஃபார்மேட் என்னும் கட்டளையால் உழுது சீராக்கி, அதன்பின் இயங்குதளத்தின் கோப்புகளைக் குடியேற்றுதல் என்ற மூன்று படிகளும் அன்றைக்கு வகுக்கப்பட்டவை. திரையின் தோற்றம் எத்தனையோ மாறியும் அந்தக் கிரமம் இன்றளவும் மாறவில்லை.

ஆனால் ஃபார்மேட் என்ற அந்த உழவில் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால், இயங்குதளம் கோப்பைத் தொடுவதேயில்லை. பொருளடக்கத்தில் அதன் பெயருக்கெதிரே ஒரு குறியிட்டு, ‘இந்த இடம் இனி காலி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டுவிடும். எழுத்து அங்கேயே கிடக்கும்; அதன்மேல் வேறொன்று எழுதப்படும் நாள்வரை கிடக்கும். 1991-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸின் ஐந்தாம் பதிப்பில், பொருளடக்கத்தை மட்டும் புதுப்பிக்கும் விரைவு ஃபார்மேட்டும், ஃபார்மேட் செய்ததைத் திரும்பக் கொண்டுவரும் ‘அன்ஃபார்மேட்’ என்ற கட்டளையும் சேர்ந்தே வந்தன. அழிப்பது என்ற பேச்சு வெறும் உபசார வார்த்தையே என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை.

1995 ஆகஸ்டு 24-இல் வெளியான விண்டோஸ் 95, பழைய பதிப்பிலிருந்து மாறுவோருக்காக 13 ஃபிளாப்பிகளில் கிடைத்தது. ஒவ்வொன்றாக நுழைத்து, பன்னிரண்டாவது பழுதாயிருக்கக் கண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் பாக்கியம் பெற்றவர்கள் அத்தலைமுறையில் அநேகர். குறுவட்டு வந்தும், அதிலிருந்தே யந்திரம் நேராக எழும் வழி பரவுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்தில்தான் ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவும் பழக்கம் வேரூன்றியது. கோப்புகள் தட்டின் பல மூலைகளிலும் துண்டு துண்டாகச் சிதற, வாசிக்கும் முள் அவற்றைத் தேடி இங்குமங்கும் ஓட, நிறுவி நீக்கிய மென்பொருள்களின் எச்சங்கள் நாளுக்குநாள் குவிய, யந்திரம் முதுமை எய்தும். அந்த முதுமைக்குக் கண்ட ஒரே காயகல்பம் மறு நிறுவுதல். சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர்க் கடைகளிலும் இதற்கு ‘ஃபார்மேட் அடிப்பது’ என்று பெயர் வைத்தார்கள். அடித்தல் திருத்தல் என்று எழுத்துக்குச் சொல்லிப் பழகிய நாவுக்கு அந்த வினைச்சொல் தானாக வந்து அமைந்தது போலும். சி டிரைவை அடித்தாலும் டி டிரைவில் உள்ள கல்யாணப் படங்கள் பத்திரமாக இருக்கும் என்பது அத்தொழிலின் அபய வாக்கு.

இனி ஓலையின் வம்சத்துக்கு வருவோம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா, மின்சாரம் நின்ற பிறகும் எழுத்தைக் காக்கும் ஒருவகைச் சில்லை 1984-இல் பொறியாளர் சபையில் விளக்கினார். அதன் அடர்ந்த வடிவமான நேண்ட் வகையை 1987-இல் வெளியிட்டார். ஒரு பெரும் பகுதி முழுவதையும் ஒரே க்ஷணத்தில் அழிக்கும் அதன் குணம் புகைப்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால், ‘ஃபிளாஷ்’ என்ற நாமகரணத்தைச் சக ஊழியர் ஒருவர் சூட்டினார். எழுதும் திறத்தால் அன்றி அழிக்கும் திறத்தால் பெயர் பெற்ற எழுதுபொருள் உலகில் வேறு உண்டோ தெரியாது. கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா உள்ளிட்ட மூவர் 1988-இல் தொடங்கிய சன்டிஸ்க் நிறுவனம், 1991-இல் ஃபிளாஷ் சில்லுகளாலான, 20 மெகாபைட் கொள்ளளவுள்ள எஸ்எஸ்டியை ஐபிஎம்முக்கு விற்றது. விலை ஏறத்தாழ 1,000 டாலர்.

இந்தச் சில்லின் சுபாவம் விசித்திரமானது. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ, நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டு முழுவதையும் ஒருங்கே. எழுதிய பக்கத்தின்மேல் நேராக எழுத இயலாது. சில ஆயிரம் முறை அழித்தால் ஓலையைப் போலவே நைந்தும் போகும். ஆகையால் எஸ்எஸ்டிக்குள் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, ஏடெழுதுவோர் செய்ததையே இராப்பகலாகச் செய்கிறது: ஒரு கட்டில் நிற்க வேண்டிய பக்கங்களைப் புதிய கட்டுக்குப் பெயர்த்தெழுதிவிட்டு, பழைய கட்டை அழித்து மறு உபயோகத்துக்கு எடுத்து வைக்கிறது.

இங்கேதான் பழைய பழக்கம் புதிய பண்டத்தோடு மோதியது. 2008 செப்டம்பரில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80 கிகாபைட் எக்ஸ்25-எம் போன்ற எஸ்எஸ்டிகள் வேகத்தால் உலகத்தை வியக்க வைத்தன. ஆயினும் நாள்பட நாள்பட எழுதும் வேகம் குறைந்தது. காரணம் யாதெனில், கோப்பை அழித்ததாக இயங்குதளம் தன் பொருளடக்கத்தில் மட்டும் குறித்துக்கொண்டதேயன்றி, எஸ்எஸ்டிக்கு அதைத் தெரிவிக்கவேயில்லை. எசமான் வேண்டாமென்று தள்ளிவிட்ட பாட்டுகளையும் அறியாத ஏடெழுதுவோன் விடாமல் பிரதி செய்துகொண்டேயிருந்தான். ‘இந்தப் பக்கம் இனி வேண்டாம்’ என்று வாய்திறந்து சொல்லும் டிரிம் என்ற கட்டளையை 2009 அக்டோபர் 22-இல் வெளியான விண்டோஸ் 7 ஏற்றுக்கொண்டது. லினக்ஸும் ஆப்பிளும் அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அவ்வழியே வந்தன.

வேறொரு இடறலும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி, ஹார்ட் டிஸ்க்கின் தடமொன்றுக்கு 63 செக்டார்கள் என்று முற்காலத்தில் வகுத்த கணக்கை அனுசரித்து, தன் முதல் பங்கை 63-ஆம் செக்டாரில் தொடங்கியது. எஸ்எஸ்டியின் பக்கமோ எட்டு செக்டார் அளவு. 63 எட்டால் வகுபடாது. அதனால் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய எழுத்து எப்போதும் இரண்டு பக்கங்களில் கால் வைத்து நின்று, ஒரு வேலையை இரண்டாக்கியது. பின்வந்த விஸ்டாவும் விண்டோஸ் 7-உம் 2048-ஆம் செக்டாரில் தொடங்கி இதைச் சீர்செய்தன. ஆயினும், ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதியெடுத்த சிக்கனக்காரர்கள், சுழலும் தட்டே இல்லாத பண்டத்துக்குள் அத்தட்டின் தடக்கணக்கையும் குடியேற்றிவிட்டார்கள். எஸ்எஸ்டி மாற்றினால் ஓஎஸ்ஸையும் புதிதாகவே போடுக என்று தேர்ந்தவர் அன்று வற்புறுத்தியது இதனாலேயே.

இன்று பென் டிரைவ் ஒன்றைச் செருகிவிட்டுக் காப்பி குடித்து வருவதற்குள் நிறுவுதல் முடிந்துவிடுகிறது. வாசிக்கும் முள்ளே இல்லாததால் சிதறலின் முதுமையும் பெரும்பாலும் ஒழிந்தது. ஆண்டுதோறும் அடிக்க வேண்டிய அவசியமும் அற்றது. ஆனால் அடித்தலின் சுபாவமே மாறிவிட்டதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. விரைவு ஃபார்மேட் செய்த மாத்திரத்தில் இயங்குதளம் அந்தப் பங்கு முழுவதற்கும் டிரிம் அனுப்ப, எஸ்எஸ்டி அதிலுள்ளவற்றை மெய்யாகவே மறந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக உபசாரத்துக்குச் சொல்லிவந்த சொல்லை, கேட்டவன் முதன்முறையாக நிஜமென்று எடுத்துக்கொண்டான். அன்ஃபார்மேட் என்ற கட்டளைக்கு இனி அங்கே வேலையில்லை. பங்கு மாறி அடித்துவிட்டால் கல்யாணப் படங்களும் போனது போனதுதான். கடைப் பையன் கடைசிப் பொத்தானை அழுத்துமுன் கையை நிறுத்தி, “சார், பேக்கப் எடுத்துட்டீங்களா?” என்று கேட்கிறானே, அது வெறும் கடைச் சம்பிரதாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு.