மேலே ஏறி, கீழே இறங்கும் கடல்: பவளத்தொட்டிக் குழாய்களின் கதை

நம் குடியிருப்பில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தரைக்குக் கீழே சம்ப். மோட்டார் போட்டால் மொட்டை மாடி டேங்க். அங்கிருந்து தானாகவே இறங்கி உங்கள் குழாய்க்கு. டேங்க் நிரம்பினால் வழிய ஓர் ஓவர்ஃப்ளோ பைப்.

இதே ஏற்பாட்டை நாலைந்து அடி உயரத்துக்குச் சுருக்கி, கூடத்தின் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். அதுதான் வீட்டுப் பவளத்தொட்டி. மேலே கண்ணாடித் தொட்டி. அதைத் தாங்கும் அலமாரிக்குள் சம்ப். மேலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் ‘டிரெயின்’. சம்பிலிருந்து பம்ப் மேலே தள்ளும் குழாய் ‘ரிட்டர்ன்’. ஒரே ஒரு வித்தியாசம்: நம் மோட்டார் நாளுக்குச் சில மணி நேரம் ஓடினால் போதும். அங்கே பம்ப் இரவும் பகலும் நிற்கக் கூடாது. நின்றால் மேலே உயிர்கள் திணறும். குழாய் சரியில்லாவிட்டால் கீழ்வீட்டுக் கூரை நனையும்.

இந்த இரண்டு குழாய்களுக்கும் ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு உண்டு. தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், தொட்டி வைத்திருப்பவருக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

பம்புக்கு முன் ஒரு பணிப்பெண்

1846ஆம் ஆண்டு. ஆனா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் கிடைத்த சிறு கல்பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார். கடல் அங்கிருந்து வெகு தூரம். தினமும் புதுக் கடல்நீருக்கு வழியில்லை. இருக்கும் நீரில் காற்று கலந்தால்தான் பவளம் பிழைக்கும்.

அதற்கு அவர் கண்ட வழி எளிது. திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நாம் டீ ஆற்றுவது போலத்தான். ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம். அந்த வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். தைன் பின்னாளில் எழுதிய கட்டுரையில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்; பெயரைச் சொல்லவில்லை. இன்று அலமாரிக்குள் சத்தமில்லாமல் ஓடும் பம்பின் வேலையை அன்று இரண்டு கைகள் செய்தன.

பிறகு தைன் கடற்செடிகளைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். செடி உயிர்வளியைத் தரும், விலங்கு அதை எடுத்துக்கொள்ளும் என்ற சமநிலைக் கொள்கையில் அந்தக் காலத்தில் பலரும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலின் வழியாக ‘அக்வேரியம்’ என்ற சொல் பரவியது. ஆனால் தேங்கிய நீரில் எத்தனை உயிர்களைக் காப்பாற்ற முடியும்?

லாயிட்டின் நிலவறை

இந்தக் கேள்விக்குக் குழாய் வழியாக விடை சொன்னவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். 1860களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும், 1871இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சியகங்களில், பார்வையாளர்கள் கண்டது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தொட்டிகளை மட்டுமே. கண்ணில் படாதது தரைக்குக் கீழே இருந்த பெரிய நீர்த்தேக்கம். காட்சித் தொட்டிகளில் இருந்ததைவிடப் பல மடங்கு கடல்நீர் அங்கே இருந்தது.

நீராவி பம்ப் அந்த நீரை மேலே தள்ளும். அது பீச்சலாகத் தொட்டியில் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். தொட்டி நிரம்பி வழியும் நீர் மறுபடி நிலவறைக்கு இறங்கும். அங்கே இருட்டு, அதனால் பாசி வளராது. அங்கே குளிர்ச்சி, அதனால் வெயில் நாளிலும் நீர் சூடேறாது. ஒரு தொட்டியில் ஏதாவது கெட்டுப்போனாலும், பெரும் நீரில் கலந்து அதன் வீரியம் குறைந்துவிடும்.

டிரெயின், ரிட்டர்ன், சம்ப் ஆகிய மூன்றும் இங்கேயே முழுமையாக வந்துவிட்டதைக் கவனியுங்கள். இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் நிறுவிய கடல் ஆய்வு நிலையத்தின் காட்சியகம் 1874இல் திறந்தபோது, அதன் நீரோட்ட ஏற்பாட்டுக்கும் லாயிட்டின் ஆலோசனை உதவியது. நம் சென்னை மெரினாவிலும் 1909 அக்டோபரில் ஒரு மீன் காட்சியகம் திறந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

உலோகம் போய் பிளாஸ்டிக் வந்தது

இத்தனை தெரிந்தும் வீட்டில் பவளம் வளர்க்க ஏன் இன்னும் நூறாண்டு ஆனது? ஒரு முக்கியக் காரணம் குழாய். உப்புநீர் உலோகத்தை அரிக்கும். அரித்துக் கரையும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு.

1930களில் ஜெர்மனியில் பி.வி.சி. குழாய் செய்யத் தொடங்கினார்கள். உப்பு அதை ஒன்றும் செய்யாது. சால்வென்ட் சிமெண்ட் தடவினால் இரண்டு துண்டுகள் ஒன்றாகிவிடும். 1960களில் சிலிக்கான் ஒட்டுப் பசை வந்து, உலோகச் சட்டமில்லாத முழுக் கண்ணாடித் தொட்டி சாத்தியமானது. மோட்டார் ஒரு பக்கம், விசிறி மறுபக்கம், இடையில் காந்த விசை மட்டும் என்று அமைந்த பம்புகள் வந்த பிறகு, நீரில் உலோகம் படவேண்டிய தேவையே போனது.

1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள கடற்பாறைகளும் காற்றுக் குமிழியும் போதும் என்று காட்டினார். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடர், நெதர்லாந்துக்காரர்களின் முறையைப் பரப்பியது. தொட்டி நீர் மேல்மட்டத்தில் வழிந்து, கீழே வடிகட்டியில் சொட்டி, பம்ப் வழியாக மேலே திரும்பும். லாயிட்டின் நிலவறை அலமாரிக்குள் நுழைந்தது அப்போதுதான்.

கொடகொட சத்தமும் மொட்டை மாடி வென்ட் பைப்பும்

வீட்டுக்கு வந்ததும் புதுப் பிரச்சினை: சத்தம். குழாயில் நீரும் காற்றும் சேர்ந்து இறங்கினால் கொடகொடவென்று கேட்கும். படுக்கையறைக்கு அடுத்த சுவரில் இரவு முழுக்க இது ஓடினால் யாருக்குத் தூக்கம் வரும்?

இதற்கான விடை நம் கட்டடத்திலேயே நிற்கிறது. கழிவுநீர்க் குழாயின் மேல்முனை மொட்டை மாடி வரை போய்த் திறந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வென்ட் பைப் இல்லாவிட்டால், மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் வீட்டு ட்ராப்பில் நிற்கும் நீரும் உறிஞ்சப்பட்டு, நாற்றம் உள்ளே வரும். இறங்கும் நீருக்குக் காற்றும் வழி வேண்டும் என்பதே கணக்கு.

‘டர்சோ’ குழாய் இதே கணக்கைத்தான் பயன்படுத்தியது. நிற்கும் குழாயின் தலையில் ஒரு டீ, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் எல்போ, மேலே மூடியில் ஒரு சிறு துளை. வாய் நீருக்குள் இருப்பதால் உறிஞ்சும் சத்தம் இல்லை. துளை வழியாகக் காற்று போவதால் சைஃபன் பிடித்து விடும் இழுபறியும் இல்லை.

2000களில் வந்த ‘ஹெர்பி’ முறை நேர்மாறானது: காற்றே வேண்டாம். டிரெயினில் ஒரு கேட் வால்வு வைத்துத் திருகி, குழாய் முழுக்க நீராகவே இறங்கும்படி செய்வது. சத்தம் இருக்காது. ஆனால் ஒரு நத்தை போய் அடைத்தால் தொட்டி வழியும். ஆகவே பக்கத்திலேயே சற்று உயரமாக இன்னொரு வெற்றுக் குழாய், அவசரத்துக்கு. அதன்பின் வந்த ‘பீன் அனிமல்’ முறையில் மூன்று குழாய்கள்: ஒன்று முழுச் சைஃபன், ஒன்று மிச்சமாக வரும் கொஞ்ச நீருக்கு, ஒன்று அவசரத்துக்கு மட்டும்.

கரண்ட் போனால்

நமக்கு மிக முக்கியமான பகுதி இது. பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் தானே சைஃபனாகி, தொட்டி நீரைக் கீழே இழுக்கும். ரிட்டர்ன் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அதுவரை இழுக்கும்.

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர். சம்பில் அதற்கு இடமில்லாவிட்டால் அது உங்கள் தரையில். பிறகு கீழ்வீட்டுக் கூரையில்.

தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இவற்றைப் பாருங்கள்:

1. பம்பை அணைத்து, நீர் இறங்கி நிற்கும் வரை காத்திருங்கள். சம்ப் வழியக் கூடாது. சம்பில் அந்த உச்ச மட்டத்தை மார்க்கரால் குறித்து வையுங்கள்.

2. டிரெயினை மூடி, பம்பை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். தொட்டி வழியும் முன் சம்பின் பம்ப் அறை வற்றிவிட வேண்டும். அதற்கு அந்த அறை சிறிதாக இருக்க வேண்டும். வற்றியதும் பம்பை உடனே அணைத்துவிடுங்கள்.

3. ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். உப்பு படிந்து அடைக்காமல் அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். என்.ஆர்.வி.யை மட்டும் நம்பாதீர்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் அது சரியாக மூடாது.

4. தொட்டி விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் பெட்டியைவிட, கண்ணாடியில் துளையிட்டு டிரெயின் எடுப்பது பாதுகாப்பு. தொங்கும் பெட்டியில் காற்றுப் பிடித்துச் சைஃபன் அறுந்துபோனால், கரண்ட் வந்ததும் பம்ப் மட்டும் ஓடும், நீர் இறங்காது.

5. மேலே சொன்ன தொட்டியில் 50 செ.மீ. நீர் நின்றால் 270 லிட்டர். கண்ணாடி, பாறை, சம்ப் சேர்த்தால் எடை இன்னும் கூடும். வாங்கும் முன் கட்டடப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பாறை கட்டும் கல்பவளங்கள், கடல்விசிறி, கடற்குதிரை ஆகியவை 2001இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேளுங்கள்.

தொட்டி இருக்கும் வீட்டுக்காரர்கள் மேற்சொன்ன முதல் இரண்டு சோதனைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்து பாருங்கள். அப்படியே கீழ்வீட்டுக்காரரையும் அழைத்துக் காட்டுங்கள். அவருக்கும் நிம்மதி, மீன் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.