வேரை வெளியே வளர்த்தவர்கள்

ஜப்பானின் கனஸாவா நகரில் கென்ரோகுஎன் என்றொரு பழைய தோட்டம். அங்கே ஒரு பைன் மரத்தின் அடிமரம் தரையைத் தொடுவதே இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட வேர்கள் அதைச் சுமார் 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிற்கின்றன. காகா நாட்டின் 13ஆம் பிரபு மாஎதா நரியாசு 19ஆம் நூற்றாண்டில் மண்மேடு கட்டி அதன்மேல் மரத்தை நட்டார். வேர் இறங்கியதும் மேட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மண்ணைச் சுரண்டிய தோட்டக்காரர்கள் மட்டும் இந்தக் கதையில் வருவதே இல்லை!

இதையே தொட்டிக்குள் செய்தால் அது நெஆகரி போன்சாய். இதற்கு முன்மாதிரி கடற்கரையிலும் மலைச்சரிவிலும் இருக்கிறது. காற்றும் அலையும் வெள்ளமும் மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகும் வேர்க்கால்களில் நின்று பிழைத்த மரங்கள்தான் அவை. ஆலம்விழுதைப் போல மேலிருந்து இறங்கிய வேர்கள் அல்ல. மண்ணுக்குள் பிறந்து, மண்ணை இழந்தவை.

தொட்டியில் குறுமரம் வளர்க்கும் வழக்கம் சீனாவிலிருந்து வந்தது. கி.பி. 706இல் கட்டிய தாங் வம்ச இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்திலேயே, சிறு செடியும் கல்லும் வைத்த தட்டை ஏந்திவரும் பணிப்பெண் இருக்கிறாள். ஜப்பானில் 1309ஆம் ஆண்டின் கசுகா கோங்கென் ஓவியச்சுருளில் தட்டு மரங்களைப் பார்க்கலாம்.

ஜப்பானில் மேப்பிள் மோகம் பிடித்தது ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில். இன்றைய டோக்கியோவின் கோமகோமே பகுதியிலிருந்த சோமெய் கிராமத்தில் தெருத்தெருவாக நாற்றுப் பண்ணைகள் இருந்தன. இட்டோ இஹெய் என்ற பெயரைத் தலைமுறைதோறும் சூடிய தோட்டக்காரக் குடும்பம் அங்கிருந்து செடி நூல்களை வெளியிட்டது. 1710இல் வந்த நூல் மேப்பிள் ரகங்களுக்குத் தனி இடம் தந்தது. போன்சாய்க்காரர்களின் செல்லப்பிள்ளை ஆகப்போகிற மூன்று மடல் இலை கொண்ட மேப்பிள் அப்போது ஜப்பானில் இல்லை. ஷோகுன் யோஷிமுனே காலத்தில், 1721 வாக்கில், அது சீனாவிலிருந்து வந்து சேர்ந்தது.

இந்த மரத்தின் வேர் சதைப்பற்றானது, நீரைச் சேமித்து வைப்பது. வெட்டினாலும் சளைக்காமல் துளிர்க்கும், வேகமாகப் பருக்கும். வேரை வெளியே காட்ட இதைவிடத் தோதான மரம் உண்டா என்று தோன்றும். ஆனால் சிக்கல் அங்கேதான். இரண்டு வேர்கள் உரசிக்கொண்டு வளர்ந்தால் பட்டையோடு பட்டை ஒட்டி ஒன்றாகிவிடும். இடைவெளி தெரியும் கால்கள் வேண்டுமென்று காத்திருந்தவருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு கட்டை.

அதனால் வேலை நாற்றிலேயே தொடங்குகிறது. உயரமான, ஒடுங்கிய தொட்டியின் அடியில் சத்துள்ள மண். அதற்கு மேல் வெறும் பருமணல். மேலே பசியாக இருக்கும் வேர் கீழே இருக்கும் மண்ணைத் தேடி நேராக இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மேல்விளிம்பிலிருந்து விரற்கடை அளவு மணலை எடுக்கிறார்கள். வெயில் பட்ட வேர் பழுப்பேறி, தோல் தடித்து, மெல்லத் தண்டின் குணத்துக்கு மாறுகிறது. அதிலுள்ள சல்லிவேர்களை நறுக்கிவிட வேண்டும். நெருங்கும் வேர்களுக்கு இடையில் எதையாவது செருகி விலக்க வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு விரற்கடை. அவசரப்பட்டு ஒரே நாளில் மணலைக் கொட்டிவிட்டால், பட்டை கட்டாத இளவேர்கள் காய்ந்து சுருங்கிவிடும்.

இந்தக் கைப்பக்குவம் இடம்பெயர்ந்த கதையும் உண்டு. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. செந்தாகி, தாங்கோஸாகா வட்டாரத்துப் போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணையும் நீரையும் தேடி வடக்கே ஓமியாவுக்குப் போனார்கள். 1925இல் அங்கே போன்சாய் கிராமம் உருவானது. குடியேற நிபந்தனைகள் வைத்தார்கள்: பத்து போன்சாயாவது இருக்க வேண்டும், தோட்டம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும். மாடி வீட்டின் நிழல் பக்கத்துத் தோட்டத்து மரங்களின் மேல் விழும் அல்லவா! 1930களில் சுமார் 30 பண்ணைகள் இருந்தன. போர்க்காலத்தில் போன்சாய் ஆடம்பரமென்று ஒதுக்கப்பட்டது, பல பண்ணைகள் மூடப்பட்டன. 2010இல் அங்கே போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மேப்பிளில் நெஆகரி சிறுபான்மைப் பாணிதான். காரணம் ரசனை. மேப்பிள் என்றால் தூரைச் சுற்றி நாலாபுறமும் படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மண்ணைக் கவ்விக் கிடக்கும் வேர்ப்பரப்பைத்தான் பெரும்பாலானவர்கள் தேடுகிறார்கள். அந்த மரத்தின் இயல்பான பெருமையை விட்டுக்கொடுத்துத்தான் அதைக் கால்களில் நிறுத்த முடியும். இரண்டுக்கும் நடுவே, பாறையைப் பற்றி இறங்கும் வேர்ப்பாணி மேப்பிளுக்கு நன்றாகவே பொருந்திவிட்டது; அங்கே வேர்கள் ஒட்டிக்கொண்டாலும் யாரும் குறை சொல்வதில்லை.

நெஆகரிக்காரரின் கவலை மண்ணை எல்லாம் எடுத்து முடித்த பிறகும் தீராது. கோடையில் உதவிய சதைப்பற்று குளிர்காலத்தில் எதிரியாகிறது: வேருக்குள் இருக்கும் நீர் உறைந்தால் திசு வெடித்துவிடும். அதனால் கடும் உறைபனிக்கு முன்பே இந்த மேப்பிள்களைக் கொட்டகைக்குள் எடுத்து வைத்துவிடுகிறார்கள்.